பச்சை ஏரியும் மயில்துத்தமும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நம் கடல் ஆய்வு நிலையத்திலிருந்து கேட்டார்கள். படகு கவிழப் பார்த்த கதை, புயலுக்கு முந்திய நாள் மாதிரி எடுக்கப் போன கதை என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவை என்னிடமும் உண்டு. ஆனால் அவற்றை உங்கள் சீனியர்கள் தேநீர் நேரத்தில் என்னைவிடக் கூட்டிச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது ஓய்வு பெற்ற பிறகு, கடலே இல்லாத தருமபுரி மாவட்டத்தில் எனக்கு நடந்தது. பணிக்காலம் முழுக்கக் கற்றதற்கு அங்கேதான் எனக்குப் பரீட்சை வைத்தார்கள்.

முதலில் கடலைப் பற்றிக் கொஞ்சம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கழிமுகத்தில் நுண்ணுயிர்களை அள்ளும் மிதவை வலையை இழுத்தால் குப்பியில் வருவது நல்ல கலவையாக இருக்கும். கண்ணாடி ஓடு போட்ட டயட்டம் பாசிகள், அவற்றை மேயும் கோப்பிபாடு என்ற பொடிப் பிராணிகள், நண்டுக் குஞ்சு, இறால் குஞ்சு, மீன் முட்டை என்று ஒரு சொட்டில் ஒரு ஊரே இருக்கும். பிறகு நகரத்துச் சாக்கடையும் வயல் உரமும் இறால் பண்ணைக் கழிவும் சேர்ந்து வரத் தொடங்கின. குப்பி கனத்தது. தண்ணீரில் உயிர் பெருகிவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒரே வகைப் பாசி கண்ணுக்கு எட்டிய வரை பரவியிருக்கும். அதை மேயத் தெரிந்த பிராணிகள் குறைந்திருக்கும். அவற்றைத் தின்று வளரவேண்டிய மீன் குஞ்சுகளையும் தேடத்தான் வேண்டும். சத்து அளவு மீறினால் கூட்டத்தின் எண்ணிக்கை கூடும். கூட்டத்தில் இருப்பவர்களின் வகை குறையும். நம் துறையில் பாதிப் பேர் ஆயுள் முழுக்க எழுதுவது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

அந்தக் காலத்தில் ஓர் இறால் பண்ணைக்காரர் தன் குளத்தின் பச்சை நிறம் பிடிக்காமல் மருந்து போட்டுப் பாசியை ஒரேயடியாகக் கொன்றார். அதற்குப் பிறகு ஒரு காலை நேரத்தில் அவர் குளக்கரையில் நான் நின்றிருக்கிறேன். மருந்துக்குத் தப்பிய இறால்கள் மூச்சுக்குத் தப்பவில்லை. செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருந்த ஆக்ஸிஜன் முழுவதையும் இழுத்துக்கொண்டது. கரையோரம் முழுக்க இறால் ஒதுங்கிக் கிடந்தது. அந்த மனிதர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் சொந்த ஊர் பொம்மிடிப் பக்கம். ஓய்வுக்குப் பிறகு நானும் என் கணவரும் அரூரில் வந்து தங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதம்மாள் என்பவரிடம் ஏரி மீன் வாங்குவேன். தீர்த்தமலைச் சாலையிலிருந்து உள்ளே விலகியிருக்கும் ஓர் ஏரியை அவரும் அவர் ஊர்ப் பெண்களும் குழுவாகக் குத்தகைக்கு எடுத்து, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தார்கள். நான் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் விதத்தைக் கவனித்து, எங்கே வேலை பார்த்தேன் என்று விசாரித்து வைத்திருந்தார்.

பங்குனி மாத வெயிலில் ஒரு நாள் மீன் கூடையே இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, ஏரித் தண்ணி பெயிண்டு கலக்குன மாதிரி ஆயிப்போச்சுங்க. வியாபாரி வந்து மோந்து பாத்துட்டு, 'மீனு சேத்து வாட அடிக்குது, தண்ணி தெளிஞ்சா கூப்புடுங்க, இல்லன்னா நான் வரல'ன்னுட்டுப் போயிட்டாரு. எங்க கொழுந்தனாரு துத்தம் வாங்கியாந்து வெச்சிருக்காரு. போடலாங்களா, வேணாமா? நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

துத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டேன். என் கணவர் வண்டியை எடுத்தார்.

ஏரி பாதிக்கு வற்றியிருந்தது. இருந்த தண்ணீர் கெட்டியான பச்சை. காற்று ஒதுக்கிய மூலையில் பாசி ஆடை போல மடிந்து கிடந்தது. கரையில் ஊரே கூடியிருந்தது. பரிசலுக்குப் பக்கத்தில், பாசியைக் கொல்லும் காப்பர் சல்பேட்டான மயில்துத்த மூட்டைகள். மாதம்மாளின் கொழுந்தனார் சின்னசாமி, நல்ல விவசாயி, நாற்பது வயதுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டி இறங்கத் தயாராக நின்றார்.

"வாங்க மேடம். இதை மூட்டையோட தண்ணியில விட்டுப் பரிசல்ல இழுத்துக்கிட்டே ஒரு சுத்து வந்தா முடிஞ்சுதுங்க. கடையில நல்லா கேட்டுட்டுத்தான் வாங்கியாந்தேன். கண்ணாடி மாதிரி ஆயிருமாம்."

நான் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டேன். மணிக்கட்டுக்குக் கீழே என் விரல்கள் எனக்கே தெரியவில்லை. கரையின் மேல் கோழி எரு மலையாகக் குவிந்திருந்தது. எதற்கு என்று கேட்டேன். எரு போட்டால் தண்ணீரில் பாசி வளரும், பாசியைத் தின்று மீன் வளரும் என்று யாரோ சொன்னார்களாம். முந்திய வருடம் கொஞ்சம் போட்டுப் பார்த்தார்கள், மீன் நன்றாகத் தேறியது. அதனால் இந்த வருடம் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் சொல்லாமல் போய்விட்டார். சுற்றியுள்ள வயல்களிலிருந்து மழையோடு வந்த உரம் வேறு, மாட்டுக் கொட்டகைகளிலிருந்து வழிந்தது வேறு. எங்கள் கழிமுகத்துக்கு நேர்ந்ததுதான் இந்த ஏரிக்கும் நேர்ந்திருந்தது.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்களிடமும் ஒரு நாள் இப்படி ஒரு கூட்டம் பதில் கேட்கும். கையில் எந்த அளவீடும் இருக்காது. அப்போது இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, எல்லாம் தெரிந்ததுபோலப் பேசிவிடுவது. இன்னொன்று, ஆய்வு முடிவு வரட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிடுவது. எனக்கும் இரண்டும் வந்தன.

"இது என்ன பாசின்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியல" என்றேன். "இதுல விஷம் இருக்குதா இல்லையான்னும் தெரியல. அது தெரியற வரைக்கும் ஆடு மாடு இந்தத் தண்ணியில வாய் வெக்கக் கூடாது. ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். இத்தன பாசியும் ஒரே நாள்ல செத்தா, அது அழுவறப்ப மீனுக்கு மூச்சுக் காத்து இருக்காது. மீனெல்லாம் செத்துப்போவும்."

"தெரியல, தெரியலன்னு நீங்களே சொல்றீங்க" என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார்.

சின்னசாமி அவரைக் கையமர்த்தினார். "மேடம், மரியாத இல்லாம சொல்லலைங்க. கடல் வேற, ஏரி வேறங்க. வியாபாரி வரலைன்னா எங்க பொம்பளைங்க வருசம் பூராப் பட்ட பாடு வீணு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடலில் பார்த்ததை ஏரிக்குச் சொல்கிறேன் என்பது உண்மைதான். சுற்றிலும் பார்த்தேன். தண்ணீர் வற்றியதில் ஏரியின் ஓரம் ஒரு குட்டை தனியாகப் பிரிந்து நின்றது. அதே பச்சைத் தண்ணீர். அதற்குள் ஜிலேபிக் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"அந்தக் குட்டையில மொதல்ல போடுங்க. கடைக்காரர் சொன்ன கணக்குலயே போடுங்க. ரெண்டு நாள் பாத்துட்டு ஏரியில எறங்கலாம்" என்றேன்.

சின்னசாமி சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அவருக்கு அந்த மருந்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் போனபோது கரையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. குட்டைத் தண்ணீர் தெளிந்திருந்தது. அடி மண் தெரிந்தது. ஜிலேபிகள் ஓடிக்கொண்டிருந்தன. சின்னசாமி என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். "பாத்துக்கங்க மேடம்! கண்ணாடி!" ஆட்கள் மூட்டையைப் பரிசலில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கண் முன்னால் தெளிந்த தண்ணீர் இருக்கிறது, உயிரோடு மீன் இருக்கிறது. அது தப்பு என்று நான் சொல்ல வேண்டும். ஜிலேபி எதையும் தாங்கும் மீன் என்பதும் எனக்குத் தெரியும். அது பிழைத்துக்கொண்டால்? பிழைத்து, அதை நம்பி ஏரியில் துத்தத்தைப் போட்டு, கட்லா மட்டும் செத்தால்? நான் சொன்ன சோதனையே என் வாதத்தைக் கவிழ்த்துவிடுமோ என்ற பயம் வந்தது.

"இன்னும் அழுகல. செத்த பாசியெல்லாம் அடியில போயி உக்காந்திருக்குது" என்றேன். "நான் ரெண்டு நாள்னுதான் கேட்டேன். நாளைக்கும் இப்படியே இருந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

யாரும் மூட்டையைக் கீழே வைப்பதாக இல்லை. மாதம்மாள் பரிசலுக்குள் ஏறி, துத்த மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்கிக் காலைல வரைக்கும் இது எங்கயும் போவாது" என்றார். "வேணும்னா என்னையும் சேத்துத் தண்ணியில தள்ளுங்க."

கொழுந்தனார் உட்பட எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டையைப் பிறகு மெதுவாக இறக்கினார்கள்.

அடுத்த நாள் காலை, ஏரிக்கரை ஏறும் முன்பே நாற்றம் வந்தது. குட்டைத் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகியிருந்தது. ஜிலேபிகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. சின்னசாமி துண்டால் மூக்கை மூடிக்கொண்டு அவற்றைப் பார்த்தார், பிறகு பச்சையாகக் கிடந்த பெரிய ஏரியைப் பார்த்தார். தானே இறங்கிச் செத்த மீன்களை அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தார்.

நான் சொல்லிக்காட்டவில்லை. பேசாமல் இருந்ததற்காக இன்று வரை சந்தோஷப்படுகிறேன். நம் கணிப்பு சரியாக அமையும் நாளில் எதிரே நிற்பவர் ஏற்கெனவே நொந்துபோயிருப்பார். அடுத்த வேலைக்கு அவர் நமக்கு வேண்டும்.

அடுத்த வேலை உடனே வந்தது. துத்தம் போடாததால் ஆபத்து நீங்கிவிடவில்லை. அத்தனை பாசியும் வெயிலில் ஆக்ஸிஜன் கொடுக்கும். வெயில் இல்லாதபோது அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு விட்டு ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். இதை மாதம்மாளிடம் சொல்லி, எரு போடுவதை அன்றே நிறுத்தச் சொன்னேன். கரையில் குவிந்திருந்ததை வயல்களுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். வானம் மூடினால் உடனே என்னைக் கூப்பிட வேண்டும், தண்ணீர் இறைக்கும் இன்ஜின்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். வீட்டில் இருந்த பழைய நுண்ணோக்கியில் பார்த்தபோது கொத்துக் கொத்தாக நீலப்பச்சைப் பாசி மட்டுமே இருந்தது. மீன் விரும்பித் தின்னும் நீர்ப்பூச்சிகள் தேடியும் கிடைக்கவில்லை. விஷப் பரிசோதனைக்கு நம் நிலையத்துக்கே மாதிரி அனுப்பினேன். உங்களில் ஒருவர்தான் அதை வாங்கிப் பார்த்தார்.

முடிவு வரும் முன்பே வானம் மூடிவிட்டது. கோடை மழை வரப்போகிறது என்று ஊரே மகிழ்ந்தது. மழை வரவில்லை. காற்றும் இல்லை. மேகம் மட்டும் அசையாமல் நின்றது. விடியும் நேரத்தில் மாதம்மாளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதுங்க. ஓடியாங்க!"

நாங்கள் போனபோது ஏரி முழுக்கக் கட்லா வாய்கள். மூலையில் பெரிய மீன்கள் சில செத்தே மிதந்தன. ஆட்கள் வலையோடு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "கெடைச்ச வரைக்கும் புடிச்சிருவோங்க மேடம், இல்லன்னா எல்லாமே போயிரும்" என்று கத்தினார் சின்னசாமி.

"வலைய எறக்காதீங்க!" என்று நானும் கத்தினேன். "மூச்சுக்குத் தவிக்கிற மீன வெரட்டாதீங்க. வெரட்டுனா அங்கயே செத்துரும். இன்ஜினப் போடுங்க. தண்ணிய மேல அடிச்சுக் கொட்டட்டும். வெயில் வந்ததுக்கு அப்புறம் வலை போடலாம்."

"வெயில் வரலைன்னா?" என்றார் சின்னசாமி.

மாதம்மாள்தான் சொன்னார். "வரலைன்னா சாயங்காலம் வரைக்கும் இன்ஜினு ஓடட்டும். வலைய சுருட்டுங்கப்பா. குட்டைய மறந்துட்டீங்களா?"

வலை சுருண்டது. வயல்களிலிருந்து இன்ஜின்களை டிராக்டரில் கொண்டுவந்து கரையோரம் வரிசையாக நிறுத்தினார்கள். ஏரித் தண்ணீரை உறிஞ்சி உயரத்துக்கு அடித்து ஏரியிலேயே கொட்டினார்கள். தண்ணீர் விழுந்து நுரைத்த இடங்களில் மீன்கள் மொய்த்துக்கொண்டன. இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. பெண்கள் செத்த மீன்களைப் பொறுக்கி வெளியே போட்டார்கள். என் கணவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இன்ஜினாகப் போய்க்கொண்டிருந்தார்.

நண்பகல் நெருங்கும்போது தீர்த்தமலைப் பக்கமிருந்து காற்று எழுந்தது. ஏரியில் சிற்றலை ஓடியது. மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. தண்ணீரின் மேல் இருந்த வாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. செத்துவிட்டனவோ என்று மாதம்மாள் என் கையைப் பிடித்தார். "இல்லைங்க, உள்ள போயிருச்சு. மூச்சு கெடைச்சிருச்சு" என்றேன். அவர் கரையிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சின்னசாமி அருகில் வந்து நின்றார். "மேடம், மறுபடியும் மேகம் வந்தா இதே பாடுதானுங்களே? பாதி மீன வேற எடத்துல விட்டா ஏரிக்குப் பாரம் கொறையுங்களா?"

"நிச்சயமாக் குறையும். ஆனா எங்க விடுவீங்க?"

"என் வயல்ல பண்ணைக்குட்டை இருக்குதுங்களே. போர்த் தண்ணி. சுத்தமா இருக்குது."

எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது அவருக்குத் தோன்றியது. சுத்தமான தண்ணீரில் சில நாள் இருந்தால் மீனின் சேற்று வாடையும் போய்விடும் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அன்று பிற்பகல், வெயில் நன்றாக ஏறிய பிறகு, வலையை மெதுவாக இழுத்து, தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம்களில் மீனை ஏற்றினார்கள். அவருடைய பண்ணைக்குட்டை கட்லாக்களால் நிறைந்தது.

மறுபடியும் சில நாட்கள் வானம் மூடியது. அந்தக் காலைகளில் இன்ஜின் ஓடியது. மீன் குறைந்திருந்ததால் ஏரி தாங்கிக்கொண்டது. பாசியில் இருந்த விஷம் பயப்படும் அளவுக்கு இல்லை என்று நிலையத்திலிருந்து போன் வந்தது. குடலை நீக்கிவிட்டு மீனைச் சாப்பிடலாம், பாசி ஆடை ஒதுங்கும் மூலைக்கு மட்டும் மாடுகளை விடாதீர்கள் என்று தெளிவாகச் சொன்ன அந்தப் பெண் உங்களில் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனம் நிறைந்தது.

வியாபாரி வந்தார். பண்ணைக்குட்டை மீனை வெட்டி மோந்து பார்த்தார். இன்னொரு முறை மோந்து பார்த்துவிட்டு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். கோடை மழை இறங்கிய பிறகு ஏரி மீனையும் பிடித்தார்கள். இழப்பு இல்லாமல் இல்லை. ஆனால் குழு அடுத்த வருடமும் குத்தகை எடுத்தது.

இப்போது அந்த ஏரியில் எரு போடும் முன் மாதம்மாள் முழங்கை வரை கையை விடுவார். உள்ளங்கை தெரிந்தால் கொஞ்சம் எரு, தெரியாவிட்டால் எரு கிடையாது. மாட்டுக் கொட்டகை வாய்க்கால்களைத் தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தண்ணீர் இளம்பச்சையாக இருக்கிறது. அதில் ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தால் பலவகைப் பாசி, அதை மேய்ந்துகொண்டு நீர்ப்பூச்சிகள். எனக்கு அதைப் பார்ப்பதில் இன்னும் அலுப்பு வரவில்லை.

சமீபத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் ஏரியும் பச்சை பிடித்துவிட்டதாம். சின்னசாமி அவர்களைக் கரையில் உட்கார வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று கேட்டேன்.

"துத்தம் மட்டும் போட்டுராதீங்க. பாசி செத்து அழுவுனா மீனுக்கு ஆக்ஸிஜன் இருக்காது. எங்க ஊர்லயும் ஆளாளுக்குத் துத்தத்தப் போடு, போடுன்னாங்க. நான்தான், 'இருங்கப்பா, மொதல்ல அந்தக் குட்டையில போட்டுப் பாப்போம்'னேன்."

மாதம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். வந்தவர்களில் ஒருவர் திரும்பி, "அப்படிங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். "அவர் சொல்ற மாதிரியே செய்யுங்க."